எதிர்க் கட்டிடம்

பிழைப்புக்காக வேறொரு நாட்டில் போய் இறங்குகிறவனுக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல நாலு பேர் வேண்டும் என்பார்கள். பாய்லர் இன்ஜினியருக்கு நாலு பேர் இல்லை, ஒரு சங்கமே இருந்தது. அப்படி ஒரு கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்காது. இனி யாருக்கும் வாய்க்கக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

புதிதாகக் கட்டிய காகித ஆலையில் பாய்லர் நிறுவ வந்தவர் அவர். வளர்ந்துகொண்டிருக்கும் நாடு என்று சொல்லித்தான் கம்பெனி அனுப்பியது. நாடு வளர்கிறது என்பதைச் சங்கம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்து குடியேறும் ஒவ்வொரு குடும்பமும் வந்தோர் நலச் சங்கத்தில் சேர வேண்டும், சங்கத்தின் குடியிருப்பில் தங்க வேண்டும் என்பது கம்பெனி வைத்த நிபந்தனை. உறுப்பினர் அந்தஸ்து போனால் வீடு போகும். வீடு போனால் வேலை போகும். அதனால் சங்கம் சொல்வதை அங்கே எல்லோரும் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள்.

கூட வந்த அவர் மனைவி ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்களையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி இறக்கி, லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பியவர். எதையும் இரண்டு வார்த்தையில் கேட்டுவிடுவார். சங்கத்துக்கு முதல் நாளே அவரைப் பிடிக்காமல் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வரவேற்புக் கூட்டத்தில் சங்கத் தலைவர் பேசினார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கிருமிநாசினி பாட்டில் வைத்திருப்பவர். கைகுலுக்குவதற்கு முன்னால் தன் கையில் ஒரு சொட்டு, குலுக்கிய பிறகு இரண்டு சொட்டு.

"நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் இங்க ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. ஒரு தெருவுல நடந்ததில்ல. இந்த ஊர்க்காரங்க ஒருத்தரோட அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசினதில்ல. இந்த ஊரைப் பத்தி என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்கன்னா, அந்த அனுபவம்தான் காரணம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இருபத்திரெண்டு வருஷமா வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஷெட்டுக்குள்ளயே வெச்சிருக்கார்போல" என்று மனைவி கணவர் காதில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்தார்கள்.

அடுத்து தண்ணீர்க் குழுத் தலைவி பேசினார். குடியிருப்பில் அவருக்குத் தண்ணீரம்மா என்றே பெயர். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, மறுபடியும் கொதிக்க வைக்க வேண்டும். அதைக் குடித்துவிடக் கூடாது. அதில் பாத்திரத்தைக் கழுவி, அந்தப் பாத்திரத்தில், விமானத்தில் வரும் பாட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். குளிக்கும்போது வாயில் சுத்தமான கைக்குட்டை ஒன்றைக் கடித்துக்கொள்ள வேண்டும். குளியலறையில் பாடுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்தோடு விட்டுவிட வேண்டும். வாழைப்பழத்தை உரிப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உரித்த பிறகும் கழுவினால் நல்லது.

"இந்தத் தண்ணியைத்தானே ஊரே குடிக்குது? எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டார் மனைவி.

"அவங்களுக்குப் பழகிடுச்சும்மா" என்றார் தண்ணீரம்மா. "பழகுறதுதான் மொதல் வியாதி. அது மட்டும் வந்துடுச்சுன்னா, அப்புறம் உங்களை இங்கிருந்து கிளப்பவே முடியாது."

மனைவிக்கு எரிச்சலாக வந்தது. கணவருக்கோ இந்த விஷயத்தில் உற்சாகம் பிறந்துவிட்டது. கொதிக்க வைப்பது அவர் தொழில். ஆலையிலிருந்து பழைய குழாய்களையும் அழுத்தமானி ஒன்றையும் கொண்டுவந்து, சமையலறையில் ஒரு குட்டி பாய்லரே கட்டிவிட்டார். அடுப்பில் வைத்துக் காத்திருந்த குடும்பங்கள் பாத்திரத்தோடு வந்து வாசலில் நின்றன. தலைவர் நேரில் வந்து, முள் ஏறி இறங்குவதைக் கண்கலங்கப் பார்த்தார். "இத்தனை வருஷமா உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார். ஆலையில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்றே அவரைத் தண்ணீர்க் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மனிதர் சங்கத்துக்கு விழுந்துவிட்டார்.

குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழக்கடை, ஒரு மருந்துக்கடை, அதையொட்டி ஐந்து மாடி ஆஸ்பத்திரி. கேட்டில் நின்று சத்தமாகத் தும்மினால் பழக்கடைக்காரி திரும்பிப் பார்க்கும் தூரம்தான். ஆனால் உறுப்பினர்கள் ரோட்டை நடந்து தாண்டக் கூடாது. சங்க வேனில் ஏறி, இடதுபக்கமாகப் போய், ரயில்வே கேட்டில் காத்திருந்து, பெரிய ரவுண்டானாவைச் சுற்றி, சந்தை நெரிசலில் ஊர்ந்து, கடைசியில் எதிர்ப்பக்கம் வந்து இறங்க வேண்டும். போகும்போது வாங்க நினைத்தது திரும்பும்போது பலருக்கு மறந்துபோயிருக்கும்.

நடந்து தாண்ட விரும்புகிறவர்களுக்குத் தேர்வு உண்டு. சங்க மண்டபத்தின் தரையில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு ரோடு வரைந்திருந்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்திக்கொண்டு தலைவர் லாரியாக வருவார். தண்ணீரம்மா பூந்தொட்டித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸாக வருவார். இருவரும் வாயாலேயே ஹாரன் அடிப்பார்கள். மனைவியின் முறை வந்தது. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், லாரிக்கு ஒரு கையைக் காட்டிவிட்டு நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். ஃபெயில் என்றார் தலைவர்.

"ஏன் சார்? தாண்டிட்டேனே?"

"நீங்க பயப்படவே இல்லையேம்மா."

"பயந்தா தாண்ட முடியாது சார். எங்க ஸ்கூல்ல மொதல் பாடமே அதுதான்."

"இந்தப் பயிற்சி தாண்டுறதுக்குன்னு யாரு சொன்னது?" என்றார் தலைவர், பொறுமையாக. "தாண்டாம இருக்கிறதுக்கு."

கணவர் முதல் ஹாரனுக்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு முதல் வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் மனைவி அடக்க முடியாமல் சிரித்தார். "ஒரு நாற்காலிக்கு வழி விட்டுட்டு நின்னீங்களே!" என்று நினைத்து நினைத்துச் சிரித்தார். மறுநாளிலிருந்து, கணவர் ஆலைக்குப் போனதும் பின்பக்கச் சின்னக் கதவு வழியாக வெளியேறி, ரோட்டைத் தாண்டிப் போய்ப் பழம் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு வர ஆரம்பித்தார். பழக்கடைக்காரிக்கு அவர் பேச்சு புரியாது. அவள் பேச்சு இவருக்குப் புரியாது. இருவரும் நிறையப் பேசினார்கள்.

ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரி என்று சொல்வதற்குச் சங்கத்தில் தடை இருந்தது. எதிர்க் கட்டிடம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று மனைவி ஒருமுறை கூட்டத்தில் கேட்டார்.

"முன்னாடி நம்ம உறுப்பினர் ஒருத்தர் நெஞ்சு வலின்னு யார் பேச்சையும் கேக்காம அதுக்குள்ள போனார்" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"குணமாயிடுச்சு. அதுக்கப்புறம் அவர் நம்ம கூட்டத்துக்கே வர்றதில்ல."

மண்டபமே எழுந்து தலைகுனிந்து நின்றது. செத்தவருக்குக்கூட அங்கே அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

ஒரு நாள் காலையில் மனைவிக்கு வயிற்று வலி வந்தது. முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. மதியத்துக்குள் வலது பக்க அடிவயிற்றில் இறங்கிவிட்டது. கால் நீட்டிப் படுக்க முடியவில்லை, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. கணவர் ஆலையிலிருந்து ஓடிவந்து சங்கத்துக்குச் சொன்னார். சங்க விதிப்படி, நோயாளி முதலில் நோய்க்குக் காரணமான தன் நடத்தையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே அவசரக் குழு கூடும். தலைவரும் தண்ணீரம்மாவும் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"குடல்வாலா இருக்கும் சார்" என்றார் மனைவி. "எங்கக்காவுக்கு இப்படித்தான் வந்துச்சு. உடனே ஆபரேஷன் பண்ணிட்டாங்க."

"என்ன வியாதின்னு நாங்க கேக்கலம்மா. என்ன சாப்பிட்டீங்க?"

மனைவி கணவரைப் பார்த்தார். பிறகு, வலியோடு வலியாக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "பழம் சாப்பிட்டேன். எதிர்ல போய். நடந்து. தினமும்."

தண்ணீரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கழுவினீங்களா?"

"உரிச்சேன்."

கணவர் தலைகுனிந்து நின்றார். மனைவி வலியில் துடிக்கிறார் என்பதைவிட, தண்ணீர்க் குழுவில் இருக்கும் தன் வீட்டிலேயே இப்படி நடந்துவிட்டது என்பது அவரை அதிகம் சுட்டது. அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனிதர்களை வைத்துத்தான் இப்படிப்பட்ட சங்கங்கள் நடக்கின்றன.

அவசரக் குழு அன்று மாலை கூடியது. நோயாளியை விமானத்தில் தாய்நாட்டுக்கு அனுப்பி வைத்தியம் பார்ப்பது என்று ஒரே மனதாக முடிவானது. அதற்குப் பெரிய விவாதம் இல்லை. நோயாளியின் நடத்தைக்காகச் சங்கம் வருந்துகிறதா, ஆழ்ந்து வருந்துகிறதா என்பதில்தான் இழுபறி. ஒரு தரப்பு ஆழ்ந்து என்றது. இன்னொரு தரப்பு, வெறும் பழத்துக்கே ஆழ்ந்து வருந்திவிட்டால் நாளைக்கு யாராவது தெருவில் டீ குடித்தால் எப்படி வருந்துவது என்று கேட்டது. நியாயமான கேள்விதான். கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மறுநாள் காலை விமானக் கம்பெனி, நோயாளியைப் பரிசோதித்து ஒரு டாக்டர் அனுமதி தர வேண்டும் என்றது. உலகத் தரம் வாய்ந்த டாக்டர் ஒருவரை அவர்களே அனுப்பிவைப்பதாகவும் சொன்னார்கள். சங்க வேன் அவரை அழைத்துவரப் போனது. ரயில்வே கேட், ரவுண்டானா, சந்தை எல்லாம் கடந்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வேன் திரும்பி வந்தது. டாக்டர் இறங்கினார். நடுத்தர வயது, கையில் ஒரு பை. அந்த ஊர்க்காரர். படிக்கும் காலத்தில் நம் பாஷையைக் கற்றுக்கொண்டாராம், சரளமாகவே பேசினார். மனைவியின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்து, கையை எடுத்தார். எடுத்தபோதுதான் மனைவி அலறினார்.

"குடல்வால்தான். வெடிக்கப் போகுது. உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார் டாக்டர். "வாங்க, எங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்."

"எது உங்க ஆஸ்பத்திரி?" என்றார் தலைவர்.

டாக்டர் ஜன்னலைக் காட்டினார். "அதோ. அந்த மூணாவது மாடி என்னோட ரூம். அங்கிருந்து பார்த்தா இந்த ஜன்னல் தெரியும். உங்க வேன்ல ஏத்தி ஊரையெல்லாம் ஏன் சுத்திக் காட்டினாங்கன்னுதான் எனக்குப் புரியல."

தலைவர் கையில் மூன்று சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். "டாக்டர், நீங்க உலகத் தரம். அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நீங்க வேலை பார்க்கிற இடம் உலகத் தரம் இல்ல."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"இவங்க விமானத்துல போகலாம்னு சொல்றதுக்கு."

"போகக் கூடாது. ஆபரேஷன் ஆகாம விமானத்துல ஏத்தினா வழியிலயே போயிடுவாங்க."

"அப்போ ஏத்தமாட்டோம்" என்றார் தலைவர். "நீங்க போகலாம்னு சொல்ற வரைக்கும் சங்கம் பொறுத்திருக்கும். பொறுமைதான் எங்க பலமே."

"ஆபரேஷன் பண்ணாத்தானே நான் அப்படிச் சொல்ல முடியும்?"

"விமானத்துல போய்தானே ஆபரேஷன் பண்ணணும்?"

டாக்டர் தலைவரை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் புருஷன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வேற யாரும் வேண்டாம். நானும் நீங்களுமே தூக்கிட்டுப் போயிடலாம்."

கணவர் மனைவியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். கேட்டைத் தாண்டினால் உறுப்பினர் அந்தஸ்து போகும், வீடு போகும், வேலை போகும். இதெல்லாம் மனதில் ஓடியிருக்கும். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அங்க கத்தியெல்லாம் கொதிக்க வைப்பீங்களா டாக்டர்?"

"வைப்போம்."

"ரெண்டு தடவையா?"

டாக்டர் பையை எடுத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, வேனைத் திரும்பிப் பாராமல் கேட்டைத் திறந்து வெளியே போனார். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். துணையில்லாமல் ஒரு மனிதன் ரோட்டைத் தாண்டுவதைச் சங்கம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு கையை உயர்த்தினார், ஒரு லாரி நின்றது, அந்தப் பக்கம் போய்விட்டார்.

"பார்த்தீங்களா? உயிரைப் பத்தி அக்கறையே இல்லாத மனுஷன்" என்றார் தலைவர். "இவர்கிட்டயா ஒரு உயிரை ஒப்படைக்கிறது?"

ஸ்ட்ரெச்சரோடு டாக்டர் திரும்பி வந்தபோது கேட் பூட்டியிருந்தது. சங்க வேனில் வராத எவரையும் எதையும் உள்ளே விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. ஸ்ட்ரெச்சர் வேனுக்குள் நுழையாத நீளம். டாக்டர் கம்பியைப் பிடித்து ஆட்டிக் கத்தினார். சத்தம் மாடியில் இருந்த அவர்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"என்னங்க, என்னை எழுப்பி விடுங்க" என்றார் மனைவி. "பிடிக்கக்கூட வேண்டாம், நானே நடந்து போயிடுவேன். எத்தனை பேரைத் தாண்ட வெச்சிருக்கேன் நான்!"

கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தும்விட்டார். கணவர் அவர் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தார். "இரும்மா. தலைவர் பேசிக்கிட்டிருக்கார். தண்ணி வேற கொதிக்குது, ரெண்டு மடக்குக் குடிச்சா சரியாயிடும்" என்றார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஆளை அவர் முன்பே பார்த்திருந்தார்.

மறுநாள் விடிந்தபோது வலி நின்றிருந்தது. மனைவியின் முகம் தெளிந்திருந்தது, கால் நீட்டிப் படுத்தார், பசிக்கிறது என்றுகூடச் சொன்னார். செய்தி குடியிருப்பு முழுக்கப் பரவியது. சங்கம் உடனே மண்டபத்தில் கூடியது. ஆழ்ந்து வருந்துவதா இல்லையா என்ற தகராறு நன்றித் தீர்மானத்தில் கரைந்துபோனது.

"என்ன சொன்னார் அந்த டாக்டர்? உடனே கத்தி வைக்கணும்னார்" என்று தலைவர் முழங்கினார். "நாம என்ன செஞ்சோம்? ஒண்ணுமே செய்யல. இன்னைக்கு வலி எங்கே? சும்மா இருக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது!"

கணவரை மேடைக்கு அழைத்துத் துண்டு போர்த்தினார்கள். அவரும் கைகூப்பி நன்றி சொன்னார். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த டாக்டரிடம், வலி நின்றுவிட்டது, இனி வர வேண்டாம் என்று காவலாளி மூலம் சொல்லியனுப்பினார்கள். வலி தானாக நின்றது என்று கேட்டதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெடித்தால்தான் அந்த வலி அப்படி நிற்கும். காவலாளி இதையும் வந்து சொன்னான். தோற்றுப்போனவர் அழுகிறார் என்று சங்கம் எடுத்துக்கொண்டது.

மதியத்துக்குமேல் மனைவியின் வயிறு பலகையாக இறுகியது. உடம்பு அனலாகி, பிறகு சில்லென்று ஆனது. கடைசியாக அவர் பேசியது ஏதோ ஒரு மாணவியிடம். கிளட்ச்சை மெதுவாக விடு, பயப்படாதே, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றார். பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டார். சமையலறையில் பாய்லர் கொதித்துக்கொண்டே இருந்தது, அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சங்கம் விமானக் கம்பெனிக்குச் சொன்னது. அதற்கு உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்று இறப்பை உறுதி செய்ய வேண்டும், அங்கேயே உடலைப் பதப்படுத்த வேண்டும், அது இந்த நாட்டுச் சட்டம் என்றார்கள் அவர்கள். தலைவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"எதிர்க் கட்டிடத்துக்குக் கொண்டு போங்க."

"வேன்ல ஏத்திடலாமா?" என்று கேட்டார் தண்ணீரம்மா.

"அவ்வளவு தூரம் எதுக்கும்மா சுத்தணும்? நேரா தாண்டிடுங்க. இனிமே இவங்களுக்கு எந்தக் கிருமியும் ஒட்டாது."

கேட் திறந்தது. தூக்க நாலு பேர் உடனே கிடைத்தார்கள். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் தானாக நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பழக்கடைக்காரி ஓடிவந்து போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும், யாருக்கும் புரியாத பாஷையில் கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டுத் திட்டினாள். அது எல்லோருக்கும் புரிந்தது. போய்ச் சேர, ஒரு பழத்தை உரித்துத் தின்னும் நேரம்கூட ஆகவில்லை.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். உடலை உள்ளே அனுப்பிவிட்டு, கணவரைத் தன் அறையில் உட்கார வைத்தார். மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் வீடு, திறந்து கிடந்த படுக்கையறை, கலைந்த கட்டில் எல்லாம் தெரிந்தன. கணவருக்கு நாக்கு வறண்டு உதடு ஒட்டியிருந்தது. டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

கணவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கொதிக்க வெச்சதா?" என்றார்.

டாக்டர் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கணவர் கீழே இறங்கி வாசல் படியில் நின்றார். எதிரே கேட், கேட்டுக்கு அப்பால் அவர் வீட்டு விளக்கு. நடுவில் ரோடு காலியாகக் கிடந்தது. ரயில்வே கேட், ரவுண்டானா, சந்தை எல்லாம் சுற்றிக்கொண்டு சங்க வேன் வரும்வரை அங்கேயே நின்றார்.